துண்டறிக்கையும் இலக்கிய வரலாறும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூல்களையே பெரிதும் நம்புகின்றனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழின் பெரும்பகுதி நூலாகப் பிறந்ததன்று. வார, மாத இதழ்களில் பிறந்தது. அதில் நூல் வடிவம் பெறாமலே மறைந்தவை பல. இதழ்களின் கதியோ எல்லாரும் அறிந்ததே. படித்து முடித்தபின் எடைக்குப் போடப்பட்டு, மளிகைக் கடையில் பொட்டலமாகித் தீர்ந்து போகும். அவ்வாறு தீரவிருந்தவற்றைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்கியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார்.

முத்தையா பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950ஆம் ஆண்டளவில் சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய பழக்கம், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ஒரு பெருங்களஞ்சியமாக வளர்ந்தது. 1992இல் அவர் மறைந்தபோது அங்கிருந்தவை ஏறத்தாழ 1,00,000. நூல்களும் இதழ்களும் மட்டுமல்ல. நாடக நோட்டீசு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என யாரும் ஒரு பொருளாக மதியாத தாள்களும் அவற்றுள் அடக்கம்.

எது இலக்கியம், எது அன்று என்று தரம் பிரித்துப் பார்க்கும் கல்வி நம் புலமையுலகின் பெருமை. முத்தையாவின் சேகரிப்பில் அந்தப் பாகுபாடு இல்லை. அதுவே பின்னர் வந்த ஆய்வாளர்க்குப் பேருதவியாயிற்று. நூலகங்கள் இதழ்களைக் கட்டடம் செய்யும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் பெரும்பாலும் நீக்கிவிடுவதுண்டு. விலை, அச்சகம், ஆசிரியர் குழு ஆகிய செய்திகள் அந்த அட்டையோடு போய்விடுகின்றன. கதையும் கவிதையும் எஞ்சும்; அவை எந்தச் சூழலில், எவர் கைக்குப் போயின என்பது எஞ்சாது.

பழைய இதழின் தேவையைப் புதுக்கவிதை வரலாறே காட்டும். சி. சு. செல்லப்பா 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, ந. பிச்சமூர்த்தி பல ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்த 'பெட்டிக்கடை நாரணன்' முதல் இதழிலேயே மறுபிரசுரம் பெற்றது. அதைக் கண்ட பின்னரே இளையவர் பலர் அவ்வழியில் எழுத முனைந்தனர். 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்ததும் அதன் தொடர்ச்சியே. பழைய இதழிலிருந்து மீண்ட ஒரு கவிதை இயக்கத்துக்கு வித்தாயிற்று என்பது கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. பெ. தூரன் 'சுதேசமித்திரன்' இதழ்களைத் துருவி 'பாரதி தமிழ்' தொகுத்ததும், ஆ. இரா. வேங்கடாசலபதி புதுமைப்பித்தனின் தொகுக்கப்படாத எழுத்துகளை 1998இல் 'அன்னை இட்ட தீ' ஆக்கியதும் இதே வகை உழைப்புத்தான். இதழ் கிடையாதிருந்தால் பதிப்பாசிரியர் என்ன செய்திருக்க இயலும்?

இதழ்களுக்காவது இன்று மதிப்பு வந்துவிட்டது. அழைப்பிதழ்களுக்கு? ஐம்பது ஆண்டுத் திருமண அழைப்பிதழ்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர், தனித்தமிழ் இயக்கமும் சுயமரியாதை இயக்கமும் வீட்டு வாசலுக்குள் நுழைந்த வழியைக் கண்ணெதிரே காணலாம். 'விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை' திருமண அழைப்பிதழாகிறது, 'சிரஞ்சீவி' திருவளர்செல்வனாகிறார், 'சௌபாக்கியவதி' திருவளர்செல்வியாகிறார். எந்தக் குடும்பத்தில் முதலில் மாறியது, எங்கே கடைசிவரை மாறவில்லை என்பதை மேடைப் பேச்சுகள் சொல்லா. திருமணத்தில் வாசித்தளித்த வாழ்த்து மடல்களோ யாப்பு வரலாற்றின் தனி அத்தியாயம். அச்சில் தம் பெயரை வேறெங்கும் காணாத உள்ளூர்ப் புலவர்களின் வெண்பாவும் விருத்தமும் அங்குத்தான் வாழ்கின்றன.

திரைப்படத்திலும் இதே நிலை. 1931இல் வந்த 'காளிதாஸ்' படச்சுருள் இன்று எங்கும் இல்லை. 1930களின் படங்கள் பலவற்றை ஆராய்வோர்க்கு அரையணா, ஓரணாப் பாட்டுப் புத்தகமும் இதழ் விளம்பரமுமே பற்றுக்கோடு.

முத்தையாவின் சேகரிப்பைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் வாங்கவில்லை. 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. அதனை எண்ணி நாணுவதில் தவறில்லை. எனினும் கடல் கடந்து போகாமல், மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது நிலைபெற்றது. மரக்கூழில் செய்த மலிவுத்தாள் தன் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்குவது. ஆகவே நுண்படம் எடுக்கும் பணி உடன் தொடங்கியது. இன்று தரமணியில் அந்நூலகம் இயங்குகிறது.

இலக்கிய அமைப்புகளின் கூட்ட அழைப்பிதழ்களும் இவ்வகைச் சேகரிப்புகளில் இடம்பெறத் தக்கவை. எந்தக் கவிதை எந்த அவையில் முதலில் படிக்கப்பட்டது, தலைமை எவர் என்பவற்றுக்கு வேறு சான்று பெரும்பாலும் இராது. ஆயின் ஒரு குறை. திருமண அழைப்பிதழில் தமிழ் ஆண்டு, திங்கள், நட்சத்திரம், ஓரை எல்லாம் தவறாது இருக்கும். கவியரங்க அழைப்பிதழில் 'ஞாயிறு மாலை ஆறு மணி' என்றிருக்கும். நாளும் மாதமும்கூட இருக்கும். ஆண்டு இராது. அன்றைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, எந்த ஆண்டில் அந்தத் தேதி ஞாயிறாக வந்தது என்று கணக்கிட்டுத்தான் ஆய்வாளர் காலத்தைக் காண வேண்டியிருக்கிறது.