பாய்சான் பரவல்

பாய்சான் பரவல் என்பது, குறிப்பிட்ட கால அளவிலோ பரப்பிலோ ஒரு நிகழ்வு எத்தனை முறை நேரும் என்பதற்கான நிகழ்தகவுகளைத் தரும் தனிநிலை நிகழ்தகவுப் பரவல். இதன் மாறி 0, 1, 2, 3 என முழு எண்களை மட்டுமே ஏற்கும்; அதற்கு மேல் எல்லை கிடையாது. நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரி வீதத்தில் நேர வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை.

இது ஈருறுப்புப் பரவலிலிருந்து பிறந்தது. முயற்சிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போக, ஒவ்வொரு முயற்சியிலும் வெற்றிக்கான நிகழ்தகவு அதற்கேற்பக் குறைந்து, இரண்டின் பெருக்கற்பலன் மட்டும் மாறாதிருந்தால், ஈருறுப்புப் பரவல் பாய்சான் பரவலை நெருங்கும். அந்தப் பெருக்கற்பலனே லாம்டா எனப்படும் பண்பளவை. இந்த ஓர் எண் தெரிந்தால் பரவல் முழுவதும் தெரிந்துவிடும். சராசரியும் லாம்டா, பரவற்படியும் லாம்டா. தரவு ஒன்று பாய்சான் பரவலுக்குப் பொருந்துமா என்று பார்க்க, முதலில் இவ்விரண்டையும் ஒப்பிடுவது வழக்கம்.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் தெனி பாய்சான் (1781–1840), நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவு பற்றி 1837-இல் வெளியிட்ட நூலில் இதைத் தந்தார். ஆபிரகாம் டி மாவர் 1711-இலேயே இதற்கு நெருங்கிய முடிவை எட்டியிருந்தார். ஆனால் உண்மைத் தரவோடு இணைத்துக் காட்டி இதற்கு உயிர் கொடுத்தவர் லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச். பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை அவர் 1898-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பாடநூல்களில் வழக்கமாகக் காட்டப்படுவது 10 படைப்பிரிவுகளின் 20 ஆண்டுக் கணக்கு. அந்த 200 பதிவுகளில் மொத்தம் 122 சாவுகள். எனவே சராசரி 0.61.

கணக்கிடும் முறை எளிது. சாவே நேராததன் நிகழ்தகவு, 2.71828 என்ற மாறிலியின் அடுக்காக –0.61 ஐ இட்டால் கிடைக்கும் 0.543. அதை 0.61-ஆல் பெருக்கினால் ஒரு சாவுக்கான நிகழ்தகவு 0.331. அதை மீண்டும் 0.61-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் இரண்டு சாவுகளுக்கு 0.101. அடுத்ததற்கு 3-ஆல் வகுக்க வேண்டும், இப்படியே தொடரலாம். இவற்றை 200-ஆல் பெருக்கினால், சாவே நேராத பதிவுகள் ஏறத்தாழ 109, ஒன்று நேர்ந்தவை 66, இரண்டு நேர்ந்தவை 20 என எதிர்பார்க்கலாம். உண்மையில் இருந்தவை 109, 65, 22.

இப்பரவலின் ஆற்றலை இதைவிட நன்றாகக் காட்டுவது லண்டன் குண்டுவீச்சுக் கணக்கு என்றே சொல்ல வேண்டும். 1944-இல் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகள் சில இடங்களைக் குறிபார்த்துத் தாக்குவதாக மக்கள் நம்பினார்கள். காப்பீட்டுக் கணக்கியலாளர் ஆர். டி. கிளார்க், தெற்கு லண்டனில் விழுகைச் செறிவு ஏறத்தாழ ஒரே சீராக இருந்த 144 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தேர்ந்தெடுத்து, கால் சதுர கிலோமீட்டர் வீதம் 576 கட்டங்களாகப் பிரித்தார். விழுந்த குண்டுகள் 537. ஒரு கட்டத்துக்குச் சராசரி 0.93. குண்டே விழாத கட்டங்கள் 229 இருந்தன. பாய்சான் பரவல் எதிர்பார்த்தது 226.74. ஒரு குண்டு விழுந்தவை 211; எதிர்பார்ப்பு 211.39. இரண்டு விழுந்தவை 93, எதிர்பார்ப்பு 98.54. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் 7 குண்டுகள் விழுந்திருந்தன. அந்தக் கட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது திட்டமிட்ட தாக்குதலாகத் தோன்றாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பரப்புக்குள் குறிவைத்ததற்கான தடயம் எதுவும் எண்களில் இல்லை. தற்செயல் என்றால் எங்கும் சமமாகப் பரவியிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். கொத்துக்கொத்தாக விழுவதுதான் தற்செயலின் இயல்பு. 1946-இல் வெளியான கிளார்க்கின் சிறு கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது.

ஆய்வகத்திலும் இதன் பயன் பெரிது. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், நுண்ணோக்கிக் கட்டங்களில் ஈஸ்ட் செல்களை எண்ணி 1907-இல் இதைப் பயன்படுத்தினார். 1910-இல் ரதர்ஃபோர்டும் கைகரும், 7.5 நொடி கொண்ட 2,608 இடைவெளிகளில் வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்களை எண்ணி, கதிரியக்கச் சிதைவு இப்பரவலைப் பின்பற்றுவதைக் காட்டினார்கள்.

நிபந்தனை முறியும் இடத்தில் இப்பரவலும் முறிந்துவிடும். தொற்றுநோயில் ஒருவரின் நோய் அடுத்தவருக்கும் பரவுவதால் நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை ஆகின்றன. அப்போது பரவற்படி சராசரியைத் தாண்டும். ஆளுக்கு ஆள் வீதம் வேறுபட்டாலும் இதுவே நேரும். கிரீன்வுட்டும் யூலும், வெடிகுண்டுத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களுக்கு நேர்ந்த விபத்துகளை 1920-இல் ஆராய்ந்தபோது, எல்லோருக்கும் ஒரே விபத்து வீதம் என்று கொண்ட பாய்சான் பரவல் பொருந்தவில்லை. வீதம் ஆளுக்கு ஆள் மாறும் என்று கொண்டு அவர்கள் வந்தடைந்ததே, இன்று எதிர்மறை ஈருறுப்புப் பரவல் எனப்படுகிறது.