காசு கொடுத்துச் செய்யச் சொன்ன இசை யாருக்குச் சொந்தம்?

கம்போங் ராஜா பக்கம் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் உறுமி அடிக்கும் அண்ணன் ஒருவரிடம், உங்கள் பல்கலைக்கழகத் தாளக் குழுவுக்காகப் புதுசா 10 நிமிட இசை ஒன்றை அமைத்துத் தரச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசிய காசையும் கொடுத்தாச்சு. இப்போ அது யாருடையது?

"அவர்தானே போட்டார், அவருக்குத்தான்" என்பீர்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிரிவு 26-இன்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் உரிமை செய்யச் சொன்னவருக்கே போய்விடும். நாளைக்கு டிக்கெட் போட்ட மேடையில் தன் சொந்த இசையை அடிக்கவே அந்த அண்ணன் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டி வரலாம்! அவர் பெயரைப் போடாமல் நீங்கள் அதை மேடையேற்ற முடியாது என்பது மட்டும் மாறாது. அது பிரிவு 25.

இன்னொன்று: அடித்துக் காட்டினால் மட்டும் போதாது. எழுதியோ பதிவு செய்தோ இருந்தால்தான் சட்டம் அதைப் 'படைப்பு' என்று பார்க்கும். உறுமி பெரும்பாலும் காதால் கேட்டுக் கற்பது, ஸ்கோர் எல்லாம் கிடையாது. கைபேசியில் பிடித்த ஒலிப்பதிவே போதும். விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்திடம் அறிவித்தும் வைக்கலாம், கட்டாயமில்லை.

ஆகவே, காசு கைமாறும் முன் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: உரிமை அவரிடமே இருக்கும், உங்கள் குழு வாசிக்கலாம், ஸ்கோராக அச்சிட்டு விற்றால் அவருக்கு இவ்வளவு பங்கு. வாட்ஸ்அப்பில் 'ஓகே அண்ணே' என்று போடுவதை நம்பி இருக்காதீர்கள்.