பூட்டி வைத்த புதிர்

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், 1801-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலும் சீனரின் குவான்யின் கோவிலும் ஒரே வீதியில் நிற்கின்றன. அண்டையில் வாழும் அச்சீனரின் முன்னோர் நாட்டில் பிறந்த காய் விளையாட்டொன்றின் வரலாறு நமக்கும் பாடமாகும்.

சீனர் 'வெய்ச்சி' என்றும், ஜப்பானியர் 'கோ' என்றும் கூறும் அவ்விளையாட்டில், 361 சந்திகளில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து இடம் வளைப்பர். 1713-இல் ஜப்பானின் இனோவே குடும்பத் தலைவர் தோசெத்சு இன்செகி, கடும் புதிர்களின் ஏடொன்றைத் தொகுத்தார். அஃது அக்குடும்பத்துச் சீடருக்கே உரியதாய்ப் பூட்டி வைக்கப்பட்டது. விளைவு யாது? 120-ஆம் புதிரின் விடை தொலைந்தது. பின்வந்த வல்லுநரும் திகைத்தனர்.

2019-இல் டேவிட் வூ என்பார், தாம் அமைத்த 'கட்டகோ' என்னும் நரம்பு வலையிடம் அப்புதிரைக் கொடுத்தார். இந்நரம்பு வலையாவது, தன்னோடு தானே ஆடிப் பிழை திருத்திக் கற்கும் கணிப்பொறி ஏற்பாடாம். பொது ஆட்டத்தில் வல்ல அவ்வலையும் முதலில் இடறிற்று. அப்புதிரிலிருந்தே தொடங்கி ஆடிப் பயின்றபின், புதிய வழிகளைக் காட்டிற்று. அதன் நிரலோ எவரும் எடுத்தாளுமாறு திறந்து விடப்பட்டுள்ளது.

மறைத்த வித்தை தொலைந்தது. பகிர்ந்த வித்தை வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கும் கல்வி பொதுவே. அதனைக் குலச்சொத்தாகக் கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக!