பொம்மைக் கற்கள் நடந்த கதை

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் எங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு படப்பிடிப்பு நிலையமாக ஆக்கிவிட்டான். கைபேசியைப் புத்தக அடுக்கின்மேல் அசையாதவாறு நிறுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் கற்களால் கட்டிய வண்டியொன்றை நெல்மணியளவு நகர்த்துவான், ஒரு படம் எடுப்பான், மீண்டும் நகர்த்துவான். முற்பகல் முழுவதும் உழைத்து அவன் எடுத்த படங்கள் 120. நொடிக்குப் பன்னிரண்டு வீதம் அவற்றை ஓட்டியபோது வண்டி தானே ஓடிற்று. சரியாகப் பத்து நொடி! ஆனால் சன்னல் வழியே விழுந்த வெயில் அதற்குள் இடம் பெயர்ந்துவிட்டமையால், வண்டியின் நிழல் மட்டும் பேய் பிடித்தாற்போல் சுற்றி வந்தது.

அசையாப் படங்கள் பலவற்றை விரைந்து அடுத்தடுத்துக் காட்டினால், கண்ணும் மூளையும் அவற்றைக் கூட்டி ஓர் இயக்கமாகக் கொள்ளும். திரைப்படக் கலை முழுவதும் இந்த மயக்கத்தின்மேல் எழுந்ததே. ஓடும் குதிரையைப் படக்கருவி துண்டு துண்டாகப் பிடிக்கிறது. ஓடாத பொம்மையையோ மனிதன் கை துண்டு துண்டாக நகர்த்தித் தரவேண்டும். இவ்வித்தை திரைப்படத்தின் இளமைக் காலத்திலேயே தோன்றிவிட்டது.

அமெரிக்காவில் வைட்டகிராஃப் என்னும் படநிறுவனத்தைத் தொடங்கியவருள் ஒருவரான ஆல்பர்ட் ஸ்மித், தம் மகளின் சர்க்கஸ் பொம்மைகளை இரவல் வாங்கி, ஒவ்வொரு படத்திற்கும் அவற்றின் கைகால்களைச் சிறிது திருப்பி வைத்துப் படமெடுத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். 'ஹம்ப்டி டம்ப்டி சர்க்கஸ்' என்னும் அப்படத்தின் ஆண்டு 1898 என்று பலரும் குறிப்பர். எனக்கோ ஓர் ஐயம். ஸ்மித் பிறந்தது 1875இல். இருபத்து மூன்று வயது இளைஞருக்குப் பொம்மை வைத்து விளையாடும் மகள் இருந்திருப்பாளா? ஆராய்ச்சியாளரிடையேயும் அவ்வாண்டு பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. படம் கிடைத்தால் பார்த்தேனும் ஆராயலாம். ஆனால் ஒரு சுருள்கூட இன்று கிட்டவில்லை. பிரான்சு நாட்டில், 1902இல் நிலவுப் பயணத்தைப் படமாக்கிப் புகழ்பெற்ற ஜார்ஜ் மெலியே, தொழில் நொடித்த துயரத்தில் 1923இல் தம் படச்சுருள்களைத் தாமே தீயிலிட்டார். அவருடைய படங்களுள் பல இன்று பெயரளவில் மட்டுமே வாழ்கின்றன.

இனிக் கற்களுக்கு வருவோம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் இருந்தார். பொருளாதார மந்தத்தில் வீட்டுவேலை குறைந்துபோகவே, 1932இல் மரப்பொம்மை செய்யத் தலைப்பட்டார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் 'லெகோ' என்று தம் பொருள்களுக்குப் பெயரிட்டார். 1949இல் பிளாஸ்டிக் கற்கள் வந்தன. ஆனால் அவற்றின் அடிப்புறம் வெறும் கூடாக இருந்ததால் ஒன்றையொன்று இறுகப் பற்றவில்லை. அக்குறையை நீக்கியது, உட்புறத்தில் குழாய்கள் வைத்த புதிய அமைப்பு. 1958 ஜனவரி 28ஆம் நாள் அதற்கு உரிமைப் பதிவு கோரப்பட்டது. மேற்கல்லின் குழாய்கள் கீழ்க்கல்லின் குமிழ்களை நெருக்கிப் பிடிக்கும். ஆயினும் சிறு குழந்தையின் விரலும் அவற்றைப் பிரித்துவிடும். படமெடுப்பவனுக்கு வேண்டிய குணமும் இதுவே. வைத்த இடத்தில் நிற்க வேண்டும். நகர்த்தினால் நகர்த்திய அளவே நகர வேண்டும். களிமண் விளக்கின் வெப்பத்தில் இளகும். துணிப்பொம்மையோ சாயும்.

கற்கள் கிடைத்தன, படக்கருவி? 1965இல் கோடாக் நிறுவனம் 'சூப்பர்-8' என்ற சிறு படச்சுருளைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. பெட்டியைக் கருவியில் செருகினால் போதும். இருட்டறை தேடிச் சுருள் மாட்டும் தொல்லை இல்லை. பெட்டிக்கு 50 அடிச் சுருள், 3,600 படங்கள், நொடிக்குப் பதினெட்டு வீதம் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி. பல கருவிகளில் ஒரே ஒரு படம் மட்டும் எடுக்கும் வசதியும் இருந்தது. ஆனால் எடுத்ததை உடனே பார்க்க இயலாது. சுருளைக் கழுவுவதற்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிழல் ஆடிற்றா, கைவிரல் குறுக்கே விழுந்ததா என்பதெல்லாம் சுருள் திரும்பிய பின்னரே தெரியும்.

இத்தகைய காலத்தில், 1973இல், டென்மார்க்கில் உறவினரான இரு சிறுவர்கள், ஒருவனுக்கு வயது 12, மற்றவனுக்கு 10, தம் பாட்டன் பாட்டியின் திருமணப் பொன்விழாவிற்குப் பரிசாக ஒரு படம் எடுத்தார்கள். பெயர், 'நிலவுக்கு ஒரு பயணம்'. நீளம் ஏறத்தாழ ஆறு நிமிடம். முந்தைய ஆண்டின் இறுதியில்தான் அப்பல்லோ வரிசையின் கடைசி நிலவுப் பயணம் முடிந்திருந்தது. சிறுவர் மனம் நிலவை நாடியதில் வியப்பென்ன? கையசைக்கும் சிறு மனித பொம்மைகள் 1978இல் வந்தவை. இவர்களிடம் அவை இல்லை. நடிப்புக் காட்சிகளையும், கற்கள் தாமே நகரும் காட்சிகளையும் கலந்து கதையை நடத்தினர். கல் அசையும் காட்சி ஒரு நிமிடம் ஓட வேண்டுமானால் 1,080 முறை கை நகர்த்த வேண்டும். கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சும் வயதில் இந்தக் கணக்கிற்கு அவர்கள் அஞ்சவில்லை!

குடும்ப விழாவில் காட்டப்பெற்ற படங்கள் எத்தனையோ பரணில் மக்கிப்போயின. இது பிழைத்தது. அச்சிறுவருள் மூத்தவர் பின்னாளில் இதனைக் கல் நிறுவனத்தின் தலைவரும் தச்சரின் மகனுமான காட்ஃப்ரெட் கிறிஸ்டியான்சனுக்குக் காட்டினார். அவர் ஒரு பிரதி எடுப்பித்து நிறுவனக் காப்பகத்தில் வைத்தார். 2013இல் இணையத்தின் வழியே உலகம் அதனைக் கண்டது. இவ்வகைப் படங்களுள் இன்று அறியப்படும் மிகப் பழையது இதுவே என்பர். இதற்கு முன் வேறொரு நாட்டுச் சிறுமி இதனினும் நல்ல படம் எடுத்திருக்கலாம். அவள் சுருள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வரலாற்றில் அவளுக்கு இடமும் இல்லை.

பின்னர் நிகழ்ந்தவை பல. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் லிண்ட்ஸே ஃப்ளே என்ற இளைஞர் 1985 முதல் 1989 வரை உழைத்து 'மாயவாசல்' என்னும் பொருள்பட ஒரு படம் முடித்தார். 2000இல் கற்களுடன் சிறு படக்கருவியும் சேர்த்து அந்நிறுவனமே விற்றது. 2014இல் வெளிவந்த பெரும்படமோ கணிப்பொறியில் ஆக்கப்பட்டது. ஆனாலும் கையால் நகர்த்தினாற்போன்ற வெட்டு அசைவு தோன்றுமாறு பெருமுயற்சி செய்தனர். கணிப்பொறி சிறுவர் கையைப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொண்டது எனக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது.

இவ்வுரையை எழுதும்போது, அந்தப் பத்து நொடிப் படத்தை மீண்டும் பார்க்க விரும்பிப் பேரனைக் கேட்டேன். "நிழல் ஆடிற்றே தாத்தா, அன்றைக்கே அழித்துவிட்டேன்" என்றான். வண்டி மட்டும் அலமாரியில் இருக்கிறது.