வெப்பம் தந்த குரல்

அடுப்பிலே எரியும் வரை நெருப்பு மனைக்குத் துணை. கூரையைப் பற்றினால் அதுவே பகை. நெருப்புக்குப் பொருந்தும் இவ்வுண்மை, வானொலிக்கும் பிற மின்னிசைக் கருவிகளுக்கும் உயிர் கொடுத்த வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்க்கும் பொருந்தும். வெப்பம் இல்லையேல் வால்வு பேசாது. வெப்பம் எல்லை கடந்தால் வால்வு வாழாது. மின் கிற்றாரின் மெல்லிய ஒலியை ஆயிரம் செவிகளுக்கு எட்டச் செய்யும் அம்பிளிபயரின் வரலாறு, இவ்விரு உண்மைகளுக்கும் இடையே மனிதர் நடத்திய நெடும் போராட்டத்தின் வரலாறு ஆகும்.

இப்போராட்டத்தின் வித்து ஒரு மின்விளக்கிலே காணப்பட்டது. அமெரிக்க அறிஞர் தோமஸ் எடிசன் தாம் அமைத்த விளக்குகளின் கண்ணாடி உட்புறத்திலே கருமை படிவதைக் கவனித்தார். விளக்கினுள்ளே இழையைத் தொடாத வண்ணம் வேறோர் உலோகத் தகட்டை வைத்தபோது, இடையே வெற்றிடம் இருந்தும் அத்தகட்டை நோக்கி மின் ஓடியது. 1883ஆம் ஆண்டில் இதற்கு அவர் காப்புரிமை கோரினார்; ஆயினும் அதன் காரணத்தை அவர் அறிந்தாரில்லர். 1897இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்த பின்னரே காரணம் விளங்கத் தொடங்கிற்று. சூடேறிய உலோகத்தினின்றும் இலத்திரன்கள் வெளியேறுகின்றன. வெப்பநிலை சிறிதே கூடினும் அவற்றின் தொகை பன்மடங்கு பெருகுகின்றது. இதற்குரிய விதியை வகுத்த ஓவன் ரிச்சட்சன் என்னும் ஆங்கிலேயர், 1928ஆம் ஆண்டுக்குரிய பௌதிக நோபல் பரிசைப் பெற்றார்.

1904இல் இலண்டனில் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இவ்வியல்பைக் கொண்டு முதல் வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பி நெய்யரியைப் புகுத்தினார். நெய்யரியிலே ஏற்படும் சிறு மின்னசைவு, தகட்டை நோக்கிச் செல்லும் பெரும் இலத்திரன் ஓட்டத்தை அடக்கவும் விடவும் வல்லதாயிற்று. சிறு குரலைப் பெருங்குரலாக்கும் வித்தை இவ்வாறு மனிதர் கைக்கு வந்தது.

எனினும் இவ்வித்தைக்கு ஒரு விலை இருந்தது. தூய தங்குதன் இழை பயன் தர வேண்டுமாயின், அதனைச் சதம அளவையில் 2,000 பாகைக்கு மேலாகச் சூடாக்க வேண்டும். பேரியம், ஸ்துரொந்தியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுப் பூச்சுடைய கதோட்டு, சுமார் 700 அல்லது 800 பாகையிலேயே அத்தொழிலைச் செய்தது. வீட்டு வானொலிக்கும் கிற்றார் அம்பிளிபயருக்கும் வழி திறந்தது இப்பூச்சேயாகும். எனினும் 700 பாகை என்பதும் இரும்பு செந்நிறமாகக் கனலும் வெப்பமன்றோ? அதற்கு மேலாக, விரைந்து வரும் இலத்திரன்கள் அனோட்டு எனப்படும் புறத்தகட்டிலே மோதி, அதனையும் சுட வைக்கின்றன.

இவ்வெப்பம் எவ்வழியே வெளியேறுவது? அடுப்பிலுள்ள பானையைச் சூழக் காற்று உண்டு. வால்வினுள்ளே காற்று இல்லை. ஆகவே அனோட்டின் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே கண்ணாடியை அடைய வேண்டும். கரிய பொருள் வெப்பத்தை நன்கு வீசும் என்பதனாலேயே பல வால்வுகளின் அனோட்டுகளுக்குக் கருநிறம் பூசினர். கண்ணாடியை அடைந்த வெப்பத்தைப் புறத்தேயுள்ள காற்றுத் தாங்கிக்கொண்டு மேலெழுகின்றது. விஞ்ஞானம் கற்போர் இதனை மேற்காவுகை என்பர். வானொலி நிலையங்களின் பெரிய பரப்பிகளிலே, செம்பினாலான அனோட்டையே வால்வின் புறச்சுவராக அமைத்து, அதனைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டனர். இசைக்கலைஞன் தோளிலே சுமந்து செல்லும் பெட்டியிலே இத்தகைய ஏற்பாட்டுக்கு இடமேது? அங்கே காற்று ஒன்றே துணை.

சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நிகழ்வது வால்வுக்கு மற்றோர் இடையூறு. உலோகம் விரிந்து சுருங்கும், இழை தளரும். இங்கிலாந்தின் தபால் திணைக்களப் பொறியியலாளர் தொமி பிளவர்ஸ், தொலைபேசி நிலையங்களிலே பெற்ற அனுபவத்தால் இதனை நன்கு உணர்ந்திருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பகைவரின் இரகசியச் செய்திகளை ஆராய அவர் அமைத்த கொலொசஸ் என்னும் பொறி, 1944இல் பிளெச்சிலி பார்க்கிலே இயங்கத் தொடங்கியது. முதற்பொறியில் சுமார் 1,600 வால்வுகள் இருந்தன. இத்தனை வால்வுகள் ஒருங்கே உழைக்குமா எனப் பலர் ஐயுற்றனர். இடைவிடாது எரியவிட்டால் அவை நம்பகமாக உழைக்கும் என்று பிளவர்ஸ் கூறினார், அவ்வாறே நடந்தது. ஆனால், கிற்றார்க் கலைஞனுக்கு அவ்வசதி இல்லை. மாலையிலே பெட்டியை மூட்டுகிறான். நள்ளிரவிலே அணைத்து, குளிரிலே வண்டியில் ஏற்றுகிறான். மறுநாள் வேறோர் ஊரிலே மீண்டும் மூட்டுகிறான். வால்வு வெறுக்கும் வாழ்க்கை யாதோ, அதுவே இக்கலைஞனின் வாழ்க்கை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புலர்ட்டன் என்னும் ஊரிலே, வானொலி திருத்தும் கடை நடத்தியவர் லியோ பெண்டர். 1940களின் பிற்பகுதி முதலாக அவர் செய்து விற்ற அம்பிளிபயர்கள் உலகப் புகழ் பெற்றன. திருத்துவோனின் வசதியை அறிந்த அவர், உலோகச் சட்டகத்தைப் பெட்டியின் மேற்பகுதியிலே பொருத்தி, வால்வுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். இதனால் கட்டுப்பாட்டுக் குமிழ்கள் இசைப்பவன் கைக்கு எட்டின. பெட்டியின் பின்புறமாகக் கையை நீட்டி வால்வுகளை மாற்றவும் முடிந்தது. பின்புறம் திறந்திருந்தமையால் காற்றும் உலாவியது. ஆயினும் மேலெழும் வெப்பம் நேரே சட்டகத்தின் அடியைத் தொட்டது. உள்ளே பற்றாசு வைத்த பொருத்துகளும், ஈர வேதிப்பொருளைக் கொண்ட கொண்டென்சர்களும் இருந்தன. இத்தகைய கொண்டென்சரின் வெப்பநிலை 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் வழங்கும் கணக்கு. வால்வைக் காப்பது ஒரு பிரச்சினை. வால்வினின்றும் பிறவற்றைக் காப்பது மற்றொரு பிரச்சினை.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள டாட்போர்ட் நகரிலே, வொக்ஸ் என்னும் பெயரோடு அம்பிளிபயர்கள் உருவாகின. அவற்றை வடிவமைத்தவர் டிக் டென்னி. முதலில் வந்த ஏசி 15 என்னும் பெட்டியின் ஓசை, கூச்சலிடும் இளைஞர் கூட்டத்துக்கு முன்னே போதவில்லை. ஆகவே நான்கு வெளியீட்டு வால்வுகள் கொண்ட ஏசி 30 பிறந்தது. ஷாடோஸ் குழுவினரும் பின்னர் பீற்றில்ஸ் குழுவினரும் அதனை உலகறியச் செய்தனர். அதிலிருந்த ஈஎல் 84 என்னும் வால்வு சுட்டுவிரலைவிடச் சற்றே பெரியது. அதன் கதோட்டைச் சூடாக்க மட்டும் ஏறக்குறைய 4.8 வாற் மின் வேண்டும். அதன் அனோட்டுத் தாங்கத்தக்கது 12 வாற். ஏசி 30இலே இந்நான்கு வால்வுகளும், இசை எழாத வேளையிலுங்கூடத் தம் எல்லையை அண்டிய வெப்பத்தைச் சுமந்து நின்றன. இசைக்கு முன்னரே உழைத்து நின்ற அந்நிலையே, விரல் பட்டவுடன் மணியென ஒலிக்கும் அதன் இனிய குரலுக்கு ஒரு காரணம். பெட்டியின் மேல்மூடியிலே காற்றுத் துவாரங்கள் அமைந்தன. அத்துவாரங்களை ஒரு துணியால் மூடுவதும் அடுப்பின் புகைபோக்கியை அடைப்பதும் ஒன்றே.

வால்வின் மின்னோட்டத்தை எல்லைக்குள் நிறுத்துவதற்கு இருவகை வழிகள் உண்டு. ஏசி 30இலே கதோட்டுப் பக்கமாக ஒரு தடை வைக்கப்பட்டது. மின்னோட்டம் மிகுந்தால், அத்தடையின் அழுத்தமும் மிகுந்து, நெய்யரி தானே ஓட்டத்தை இறுக்கும்; வால்வு தன்னைத் தானே கட்டுப்படுத்தும். மற்றைய வழியிலே, நெய்யரிக்குப் புறத்திலிருந்து மாறாத அழுத்தம் கொடுக்கப்படும். பெண்டரின் பெரிய பெட்டிகள் பலவற்றில் இம்முறையே கையாளப்பட்டது. இதனால் கூடிய ஒலியாற்றல் கிட்டும். ஆயின் தானே அடங்கும் குணம் இல்லை. அளவு தவறினால் வால்வு சூடாகும், சூடான நெய்யரி தானும் இலத்திரனை உமிழத் தொடங்கும், மின்னோட்டம் கூடும், கூடிய மின்னோட்டம் மேலும் சூட்டை வளர்க்கும். இறுதியில் அனோட்டு இருளிலே செந்தணலாக ஒளிரும். அவ்வொளியைக் கண்டவுடன் மின்னை நிறுத்தாவிடில் வால்வோடு திரான்ஸ்போமரும் எரிந்து போகலாம்.

1962ஆம் ஆண்டில், இலண்டனின் மேற்குப் பகுதியிலுள்ள ஹன்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தம் தொழில்நுட்பத் துணைவர்களோடு, பெண்டரின் பாஸ்மன் என்னும் அம்பிளிபயரைத் தழுவி ஒரு பெட்டியை உருவாக்கினார். வால்வுகள் ஒரு பெட்டியிலும் ஒலிபெருக்கிகள் வேறொரு பெட்டியிலும் அமைந்தன. வால்வுகள் நிமிர்ந்து நின்றன. அவற்றின் வெப்பம் சட்டகத்தை விட்டு மேலெழுந்தது. ஒலிபெருக்கியின் அதிர்வும் கனலும் கதோட்டை நேரே தாக்கவில்லை. எனினும் அதே தசாப்தத்தில் அரங்குகள் பெரிதாயின. 45 வாற் ஒலியளவுக்குப் பதிலாக 100 வாற் கேட்கப்பட்டது. 1969இல் அம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்விரீ என்னும் அம்பிளிபயரில் ஆறு வெளியீட்டு வால்வுகள் இருந்தன. ஒலியாற்றல் 300 வாற். இயற்கையான காற்றோட்டம் அதற்குப் போதாமையால், மின்விசிறி ஒன்றும் பெட்டியினுள்ளே குடிபுகுந்தது.

இதற்கிடையில், 1947 டிசெம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிஸ்டர் பிறந்திருந்தது. அதற்குக் கனலும் கதோட்டு வேண்டியதில்லை. வானொலி, கணிப்பொறி முதலிய துறைகளிலிருந்து வால்வு படிப்படியாக விலகியது. ஆயினும் வெப்பம் விலகவில்லை. பேராற்றல் திரான்சிஸ்டரும் சுடும். வால்வு தாங்கும் அளவு வெப்பத்தை அது தாங்காது. எனவே அதனை அலுமினியச் சிறகுகளிலே பொருத்திக் குளிர்விக்க வேண்டியதாயிற்று. கிற்றார்க் கலைஞருள் பெருந்தொகையினரோ வால்வைக் கைவிட மறுத்தனர். எல்லையை மீறி ஒலிக்கும்போது வால்வு தரும் இனிய கரகரப்பை அவர்தம் செவி விரும்பிற்று. இன்றும் சுலோவாக்கியா, இரசியா, சீனா முதலிய நாடுகளிலே வால்வுகள் செய்யப்படுவதற்கு இவ்விருப்பமே பெருங்காரணம்.

இவ்வரலாற்றிலே ஒரு படிப்பினை உண்டு. இக்கருவிகளை அமைத்தோர் எவரும் வெப்பத்தை ஒழித்தாரல்லர், ஒழிக்கவும் இயலாது. குரலைத் தருவதும் அதுவே. அவர்கள் செய்ததெல்லாம், அவ்வெப்பத்துக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டமையே: ஒரு கரும்பூச்சு, ஒரு துவாரம், நிமிர்ந்த ஒரு வால்வு, சிறு தடை ஒன்று. இவை செவிக்குப் புலப்படாதவை, விளம்பரத்திலே இடம்பெறாதவை. ஆனால், இரவு முழுவதும் பாடிய கருவி மறுநாளும் பாடுமா என்பதைத் தீர்மானிப்பவை அவையே. சுவரோடு சாத்தாமல், துவாரங்களை மூடாமல், அணைத்தவுடன் தூக்காமல் சற்றே ஆறவிட்டு எடுக்கும் கலைஞன், தன்னை அறியாமலே அவ்வாக்குநரின் பணியை நிறைவு செய்கின்றான்.