கடற்கரையில் ஒலித்த இசை: இரு போர்களுக்கிடையே சென்னை

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டைகளையும் ஆட்சியாளரையும் முதலிற் குறிப்பிடுவது வழக்கம். அந்நகர மக்கள் தம் மாலைப் பொழுதை எங்கே, யாரோடு கழித்தனர் என்னும் வினாவும் வரலாற்றுக்கு உரியதே. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட சென்னையை இவ்வினாவோடு நோக்குவோர்க்கு ஒரு பெரிய சமுதாய மாற்றம் புலப்படும். கலையரங்கின் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது என்பதே அம்மாற்றத்தின் உட்பொருள்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய 'எம்டன்' சென்னைத் துறைமுகத்துக்கு அண்மையில் தோன்றிக் குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. அச்சங் கொண்ட மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், அதே நகரத்தின் கடற்கரையிலே மக்கள் காற்று வாங்கியபடி கச்சேரி கேட்டனர். இடையில் நிகழ்ந்தது என்ன?

1921இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 27 ஆயிரமாக இருந்த சென்னையின் மக்கட்டொகை, 1931இல் 6 இலட்சத்து 47 ஆயிரமாக உயர்ந்தது. அலுவலக எழுத்தர், ஆலைத் தொழிலாளர், மாணவர் எனப் பல திறத்தார் அங்கே பெருகினர். வேலை நேரம் மணிக் கணக்கில் வரையறுக்கப்பட்டபோது, ஓய்வு நேரமும் தனியே ஒரு பொருளாயிற்று. மின்விளக்கு இரவைப் பகலாக்கிற்று; டிராம் வண்டி தொலைவைக் குறைத்தது. மாலைப் பொழுதை விலை கொடுத்து வாங்கும் ஒரு கூட்டம் இவ்வாறு உருவாயிற்று.

முன்னாளில் இசையும் கூத்தும் கோயில் திருவிழாவையும் செல்வர் இல்லத்துத் திருமணத்தையும் சார்ந்தே வாழ்ந்தன. இக்காலத்தில் அவை சபைகளின் ஆதரவை நாடின. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பரோடு தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞரும் அரச அலுவலருமே பெரும்பாலும் நடித்தனர். பொதுமக்களோ பாட்டு மிகுந்த ஸ்பெஷல் நாடகங்களை விடிய விடியக் கண்டு களித்தனர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அத்தகைய மேடைகளின் ஒளிவிளக்குகள். இலங்கை மேடைகளிலும் அவர்கள் பாடி நடித்துப் புகழ் பெற்றனர்.

நாடகத்துக்கு வந்த பெரும் போட்டி திரைப்படம். ஆர். வெங்கையா 1914இல் கட்டிய கெயிட்டி, சென்னையில் இந்தியர் ஒருவர் நிறுவிய முதற் படமாளிகை எனப் போற்றப்படுகிறது. அக்காலத்துப் படங்கள் பேசவில்லை. 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கினிமா சென்ட்ரல் மாளிகையில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய அப்படத்தில் நாயகியாகத் தோன்றியவர் டி. பி. ராஜலட்சுமி. அது பம்பாயில் எடுக்கப்பட்டது. 1934இல் ஸ்ரீநிவாசா சினிடோன் நிறுவப்பட்டபின் பேசும்படத் தொழில் சென்னையிலேயே வேர் விட்டது.

படமாளிகையில் தரையில் இருப்பவர், நாற்காலியில் அமர்பவர் என்னும் வேறுபாடு இருந்தது. ஆயினும் அவ்வேறுபாட்டை வகுத்தது கொடுத்த காசேயன்றிப் பிறந்த குலமன்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரு கலையை நுகர்ந்த முதலிடம் சினிமாக் கொட்டகையே என ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியான தம் ஆய்வில் சுட்டிக் காட்டினார். கோயிலின் உள்ளே செல்ல அனுமதியில்லாதவனுக்கும் சில அணாக்கள் அங்கே இடம் தந்தன.

திறந்த வாயில் ஒருபுறமாக, அடைபட்ட வாயில் மறுபுறத்தே காணப்படுகிறது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடைபெற்ற இசை மாநாட்டின் பயனாக, 1928ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் சென்னை சங்கீத வித்வத் சபை தொடங்கப்பட்டது. தேவதாசி மரபினர் ஆடிவந்த சதிராட்டத்தை இழிவென்று பலர் ஒதுக்கிய நாளில், இ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் அச்சபை 1931இல் கல்யாணியின் புதல்வியரை ஆட அழைத்தது. அதே மரபிலே தோன்றிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அவர் கண்டது பெண்களின் துயரம்; கிருஷ்ண ஐயர் கண்டது கலையின் அழிவு. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது.

1935 டிசம்பரில் ருக்மிணிதேவி அடையாற்றில் மேடையேறிய பின்னர், உயர்குடிப் பெண்களும் அக்கலையைக் கற்க முன்வந்தனர். பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றது. பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் நிலைத்து நின்றனராயினும், தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்த குடும்பங்களுட் பல மேடையை இழந்தன. கலைக்குக் கிடைத்த மதிப்பு, அதனை வளர்த்தவர் அனைவருக்கும் கிடைக்கவில்லை.

இனி, கடற்கரைக்குத் திரும்புவோம். சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் 1924இல் நிறுவிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கொழும்பு வானொலி 1925 டிசம்பரிலே பிறந்ததை எண்ணும்போது, இரு நகரங்களும் இத்துறையில் ஏறக்குறையச் சமகாலத்தவை எனலாம். பண முடையால் 1927இல் அக்கழகம் ஓய்ந்தது. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் முதல் நாள்தோறும் மாலையில் ஒலிபரப்பு நடத்தியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிச் சிறுவர்க்கு இசைப் பாடமும் கதையும் ஒலிபரப்பாயின. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்படும்வரை இப்பணி தொடர்ந்தது.

வானொலிப் பெட்டி வாங்கும் வசதி அந்நாளில் மிகச் சிலருக்கே இருந்தது. மணலில் அமர்ந்த மீனவனிடமும் கூலியாளிடமும் நுழைவுச் சீட்டை எவரும் கேட்கவில்லை. குலத்தை வினவவும் அங்கே வாயில் இல்லை, வாயில் காப்போனும் இல்லை. 1939 செப்டம்பரில் மீண்டும் போர் மூண்டது. கச்சேரி கேட்டுப் பழகிய செவிகள் போர்ச் செய்திக்குக் காத்திருக்கலாயின. ஆயினும், நல்லிசை எல்லார்க்கும் உரியதென்று ஒரு நகராட்சி தன் செலவில் நடைமுறையிற் காட்டிய அந்த எட்டாண்டுகள், சென்னையின் வரலாற்றில் எந்தக் கோட்டைக்கும் குறைந்தவையல்ல.