கச்சிபௌலி கல்யாணம்: நம் இஷ்டப்படி வடிவமைத்த திருமணம் சட்டப்படி எப்போது செல்லும்?

மாப்பிள்ளை வாரங்கல், பெண் மதுரை. அல்லது பெண் லக்னோ முஸ்லிம், மாப்பிள்ளை கோட்டயம் கிறிஸ்தவர். சந்தித்த இடம் மட்டும் ஒன்றுதான்: கச்சிபௌலியில் ஏதோ ஒரு அலுவலக கேன்டீன்.

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஐடி பகுதிக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். அதனால் இங்கே நடக்கும் கல்யாணங்களில் மொழியும் சாதியும் மதமும் கலப்பது பெரிய ஆச்சரியம் இல்லை. அவர்களுக்காகவே "உங்கள் கதைக்கு ஏற்ற கல்யாணம்" என்று விளம்பரம் செய்யும் வெட்டிங் பிளானர்களும் இருக்கிறார்கள். மேடை நிறம், பூ, பாட்டு, மெனு என்று எல்லாவற்றையும் ஜோடியே தேர்வு செய்யலாம்.

ஆனால் பிளானரின் பட்டியலில் பெரும்பாலும் இருக்காத கேள்வி ஒன்று உண்டு: இப்படி நடக்கும் திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமா? விசா, வாரிசுரிமை, பராமரிப்பு, விவாகரத்து என எல்லாமே இந்தப் பதிலைத்தான் நம்பி இருக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால்:

- இருவரும் இந்து என்றால், யாராவது ஒருவரின் வழக்கப்படி சடங்கு நடந்தே ஆக வேண்டும். வெறும் ரிசப்ஷன் போதாது.
- மதம் வேறு என்றால், பெரும்பாலான ஜோடிகளுக்குப் பாதுகாப்பான வழி 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.
- தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணச் சட்டப் பிரிவு தெலங்கானாவில் கிடையாது.
- மண்டபம் புக் செய்வதற்கு முன்பே சட்ட வழியை முடிவு செய்ய வேண்டும். காரணம், 30 நாள் நோட்டீஸ்.

எவ்வளவு பேர் இப்படித் திருமணம் செய்கிறார்கள்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு. 2011-12-ல் எடுக்கப்பட்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி மாறிய திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான். 2021-ல் வெளியான ப்யூ ஆய்வில், தங்கள் சமூகப் பெண்கள் வேறு சாதியில் மணம் முடிப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்று 64 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆண்கள் விஷயத்தில் அது 62 சதவீதம். கச்சிபௌலி அலுவலகங்களுக்குள் சகஜமாகத் தெரிவது, அங்கே வேலை பார்ப்பவர்களின் சொந்த ஊரில் சகஜம் இல்லை. கல்யாணத்தைத் திட்டமிடும்போது இந்த இடைவெளியையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எதைத் திருமணம் என்கிறது?

1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 7: மணமக்களில் ஒருவரின் வழக்கமான சடங்குகளின்படி திருமணம் நடக்க வேண்டும். அந்த வழக்கத்தில் சப்தபதி உண்டு என்றால், ஏழாவது அடி வைக்கும்போதுதான் திருமணம் முழுமை பெறும்.

இதை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அழுத்தமாக நினைவூட்டியது. டோலி ராணி வழக்கில் வந்த இருவரும் விமானிகள். ஒரு அமைப்பு கொடுத்த சான்றிதழை வைத்து 2021-ல் திருமணத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். சடங்கோடு கூடிய விழாவை 2022 அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அதற்குள் உறவு கசந்துவிட்டது. சடங்கே நடக்காததால் இது இந்துத் திருமணமே அல்ல, பதிவுச் சான்றிதழும் செல்லாது என்றது நீதிமன்றம். திருமணம் என்பது ஆடல் பாடலுக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அல்ல என்றும் கூறியது.

"இப்போ ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், ஃபங்ஷன் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று நினைக்கும் ஜோடிகள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது. நடந்து முடிந்த ஒரு திருமணத்துக்கான சான்றுதான் இந்து திருமணச் சட்டப்படியான பதிவு. பதிவே திருமணம் ஆகிவிடாது.

அதே சமயம், சடங்கு முறையாக நடந்து, பதிவு மட்டும் விட்டுப்போனால் திருமணம் செல்லாமல் போகாது. ஆனாலும் பதிவு அவசியம். 2006-ல் சீமா வழக்கில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2002-ல் வந்த கட்டாயப் பதிவுச் சட்டம் தெலங்கானாவிலும் தொடர்கிறது. அமெரிக்காவுக்கு ஹெச்-4 விசா எடுப்பதாக இருந்தால் முதலில் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான்.

எந்த ஜோடிக்கு எந்தச் சட்டம்?

இருவரும் இந்து, பௌத்தம், சமணம் அல்லது சீக்கியம்: இந்து திருமணச் சட்டம் பொருந்தும். மொழியும் சாதியும் வேறாக இருப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. தெலுங்கு முறையோ தமிழ் முறையோ, ஒருவரின் வழக்கம் முழுமையாக நடந்தால் போதும்.

ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர்: கோயிலில் தாலி கட்டினால் செல்லாது. ஆந்திராவிலிருந்து போன குல்லிபில்லி சௌரிராஜ் வழக்கு இதற்கு உதாரணம். 1996-ல் ஒரு ரோமன் கத்தோலிக்க ஆணும் இந்துப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டி மணம் முடித்து, இந்து திருமணச் சட்டத்தில் பதிவும் செய்தார்கள். 12 ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பரில், அந்தத் திருமணம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் சட்டத்துக்கு இருவருமே இந்துவாக இருக்க வேண்டும் என்பதே காரணம். இப்படிப்பட்ட ஜோடிக்கு 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஒரு வழி (தேவாலயம் ஒப்புக்கொள்ள வேண்டும்), சிறப்புத் திருமணச் சட்டம் இன்னொரு வழி.

ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து: நிக்காஹ் மட்டும் நடந்தால் அது முஸ்லிம் சட்டப்படி 'முறையற்ற' திருமணம் என்று 2019-ல் முகமது சலீம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை உண்டு, ஆனால் மனைவிக்குக் கணவரின் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. அதனால் மதம் மாறாமல் சேர நினைப்பவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போவதே நல்லது.

தமிழ் ஜோடிகள் கவனிக்க: சுயமரியாதைத் திருமணம்

ஐயரும் வேண்டாம், ஹோமமும் வேண்டாம், மாலை மாற்றி உறுதிமொழி சொன்னால் போதும் என்று விரும்பும் தமிழர்கள் பலர். 1967-ல் அண்ணா தலைமையிலான அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இரண்டு இந்துக்கள், உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அது திருமணம். சப்தபதி தேவையில்லை என்று 2001-ல் நாகலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்றது 2023 ஆகஸ்ட் மாதத்து இளவரசன் தீர்ப்பு.

ஆனால் 7ஏ என்பது மாநிலத் திருத்தம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும்தான் அது உண்டு. கச்சிபௌலி மண்டபத்தில் மாலை மட்டும் மாற்றிக்கொண்டு, "எங்க ஊர்ல இது செல்லும்" என்று இருந்துவிட முடியாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. திருமணத்தைத் தமிழ்நாட்டில் நடத்தி, ஹைதராபாத்தில் வரவேற்பு வைக்கலாம். அல்லது தெலங்கானாவிலேயே சிறப்புத் திருமணச் சட்டப்படி நடத்தி, அதற்குள்ளேயே மாலை மாற்றுவதையும் உறுதிமொழியையும் வைத்துக்கொள்ளலாம்.

சிறப்புத் திருமணச் சட்டம்: ரிஜிஸ்டர் ஆபீஸ் மட்டும்தானா?

இல்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். பிரிவு 12-ன்படி, கூடுதல் கட்டணம் செலுத்தினால், அலுவலகத்துக்கு வெளியே நியாயமான தூரத்தில் நீங்கள் விரும்பும் இடத்திலும் திருமணத்தை நடத்தலாம். எந்த வடிவத்திலும் நடத்தலாம். தாலி, மோதிரம், சிந்தூர், சீரகம்-வெல்லம், எதுவும் இல்லாத எளிய உறுதிமொழி, எல்லாம் ஓகே. ஒரே நிபந்தனை: திருமண அதிகாரி, 3 சாட்சிகள் முன்னிலையில், "இவரை என் சட்டப்படியான கணவராக / மனைவியாக ஏற்கிறேன்" என்று இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

அதாவது, தனிப்பட்ட முறையில் வடிவமைக்கும் கல்யாணத்துக்கு இந்தியாவில் அதிக இடம் கொடுக்கும் சட்டம் இதுதான். அதற்கு விலையாகக் காலண்டரைப் பார்த்துத் திட்டமிட வேண்டும்:

- நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் குறைந்தது 30 நாட்களாவது இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். கச்சிபௌலி ரங்காரெட்டி மாவட்டத்தில் வருகிறது.
- நோட்டீஸ் வெளியான பின் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும்.
- நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் திருமணம் நடக்க வேண்டும். தாண்டினால் புது நோட்டீஸ்.

ஆக, முகூர்த்த நாள் இந்த ஒரு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவில் விழ வேண்டும். ஆறு மாதம் முன்பே மண்டபம் பிடிப்பவர்கள், நோட்டீஸை அவசரப்பட்டு முன்னாடியே கொடுத்துவிடக் கூடாது.

ஏற்கெனவே வேறு முறையில் மணம் முடித்தவர்கள் பிரிவு 15-ன் கீழ் பதிவு செய்யலாம். அப்போது இருவருக்குமே 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு.

ஊருக்குப் போகும் நோட்டீஸ்

இங்கேதான் சிக்கல். உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துத் திருமண அதிகாரிக்கும் போகும், அங்கேயும் ஒட்டப்படும். வீட்டுக்குச் சொல்லாமல் மணம் முடிக்க நினைக்கும் ஜோடிக்கு இது வெறும் காகித நடைமுறை அல்ல.

2020 செப்டம்பரில், வீட்டார் எதிர்ப்பை மீறி மணம் முடித்து கச்சிபௌலியில் குடியிருந்த ஒரு இளம் தம்பதி பெண்ணின் உறவினர்களால் கடத்தப்பட்டார்கள். பெண் தப்பித்தார். கணவர் கொல்லப்பட்டார். திருமணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2018-ல் மிர்யாலகூடாவிலும் 2022-ல் சரூர்நகரிலும் இதே போன்ற கொலைகள் நடந்தன.

ஆட்சேபனை யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம், ஆனால் காரணம் சட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்: ஏற்கெனவே வாழ்க்கைத்துணை இருப்பது, வயது (ஆண் 21, பெண் 18), மனநிலை, தடுக்கப்பட்ட உறவு முறை. "வேற சாதி", "வேற மதம்", "எங்களுக்குச் சம்மதம் இல்லை" என்பதெல்லாம் காரணமே இல்லை. அதிகாரி 30 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், நோட்டீஸை வெளியிடுவது ஜோடியின் விருப்பம் என்றது. ஆனால் அது தெலங்கானாவைக் கட்டுப்படுத்தாது. ஆபத்து இருப்பதாக உணர்ந்தால், சக்தி வாஹினி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென சிறப்புப் பிரிவும் உதவி எண்ணும் இருக்க வேண்டும். காவல்துறை பாதுகாப்பு தர வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும்போதே ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்துப்பூர்வமாகப் பாதுகாப்பு கேட்டுவிடுவது நல்லது. சைபராபாத் போலீஸ் கமிஷனர் அலுவலகம் கச்சிபௌலியில்தான் இருக்கிறது.

ஒரே பாலின ஜோடிகள்?

2021 டிசம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு ரிசார்ட்டில் சுப்ரியோ சக்ரவர்த்தியும் அபய் டாங்கும் திருமண விழா நடத்தினார்கள். ஒருவர் வங்காளி, ஒருவர் பஞ்சாபி. இரண்டு முறைச் சடங்குகளும் நடந்தன, நடத்தி வைத்தது அவர்களின் தோழி. பிறகு அங்கீகாரம் கேட்டு இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

அதனால் விழா நடத்தத் தடை இல்லை, ஆனால் திருமணம் தரும் உரிமைகள் வராது. இப்போதைக்கு உயில், கூட்டு வங்கிக் கணக்கு, நாமினி, மருத்துவ முடிவுகளுக்கான அதிகாரப் பத்திரம் ஆகியவற்றைத் தனித்தனியாகத்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

சடங்குகளை எப்படிச் சேர்ப்பது?

சட்டம் தெளிவானால் வடிவமைப்பு சுலபம். தெலுங்குக் கல்யாணத்தில் முகூர்த்த நேரம் என்பது ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கும் நொடி. தமிழ்க் கல்யாணத்தில் அது தாலி கட்டும் நேரம். இரண்டு வீட்டுப் புரோகிதர்களும் ஒரே முகூர்த்தத்தைக் கேட்டால் மேடையில் தகராறுதான். இருவரையும் முன்கூட்டியே ஒரு முறை உட்கார வைத்துப் பேசி, வரிசையை எழுதி வாங்குங்கள். இந்து திருமணச் சட்டத்தில் போகிறீர்கள் என்றால், ஒரு முறையை முழுமையாக வைத்து, மற்றதிலிருந்து ஊஞ்சல், தலம்பிராலு போன்றவற்றைச் சேர்ப்பது பாதுகாப்பு. இரண்டிலும் பாதி பாதி வேண்டாம்.

மற்ற மதச் சடங்குகளைச் சேர்க்கும்போது அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். எல்லோருக்கும் அழகாகத் தெரிவது, ஒரு வீட்டுக்கு வருத்தமாக இருக்கலாம். எந்தச் சடங்கு ஏன் என்று மூன்று மொழிகளில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் விருந்தினர் யாரும் முழிக்க மாட்டார்கள். சமையலில் சைவம், ஹலால் இரண்டுக்கும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் கேளுங்கள். திறந்தவெளி விழா என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி, டிஜே-யை அதற்குள் முடியுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சரிபார்க்க

- எந்தச் சட்டத்தில் மணம் முடிக்கிறோம்?
- அந்தச் சட்டம் கேட்கும் சடங்கு அல்லது உறுதிமொழி, நிகழ்ச்சி நிரலில் எத்தனை மணிக்கு இருக்கிறது?
- நோட்டீஸ் தேதி என்ன? அது எந்தெந்த ஊருக்குப் போகும்?
- 3 சாட்சிகள் யார்? அன்றைக்கு அடையாள ஆவணத்தோடு வருவார்களா?
- அதிகாரி மண்டபத்துக்கு வருவது உறுதியா, இல்லை நாம் அலுவலகம் போகிறோமா?
- சான்றிதழில் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? தமிழர்களின் இனிஷியல் இங்கே அடிக்கடி வம்பு செய்யும்.

இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு பூ என்ன நிறம் என்று தாராளமாகச் சண்டை போடலாம்.